டெலிபோன் கண்ட குடும்பஸ்தர்

நம் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் யாரும் 'டெசிபெல்' என்ற சொல்லைத் தாண்டாமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது. ஆம்ப்ளிஃபயரின் கெயினை அளந்து, செமி-லாக் தாளில் வளைகோடு போட்டு, வைவாவில் "மூன்று டெசிபெல் புள்ளி எங்கே, காட்டு" என்று கேட்டதும் திருதிருவென்று முழித்த அனுபவம் எனக்கும் உண்டு. அந்த டெசிபெல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெல் யார்? அலெக்சாண்டர் கிரகாம் பெல். டெலிபோனைக் கண்டுபிடித்தவர். ஒரு மார்க் கேள்விக்கு இந்த விடை போதும்.

ஆனால் அந்த மனிதரிடமே போய், "ஐயா, தங்கள் தொழில் என்ன?" என்று கேட்டிருந்தால் 'விஞ்ஞானி' என்றோ 'டெலிபோன் கண்டுபிடித்தவன்' என்றோ சொல்லியிருக்க மாட்டார். "காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்" என்பதே அவர் தன்னைப் பற்றிச் சொல்லி வந்தது. உலகம் கோடீஸ்வரராகப் பார்த்த காலத்திலும் இதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது நான் இவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. படிப்பு முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர்கள் நம்மில் ஏராளம். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளிலும் பலர் போகத்தான் போகிறார்கள். பெல்லும் அப்படி ஊரைவிட்டுப் போனவர்தான். ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அமெரிக்காவில் பேர் வாங்கியவர். ஆனால் அவர் கப்பல் ஏறியது சம்பாதிக்க அல்ல. யாருக்காக ஏறினார், போன இடத்தில் யாருக்காக உழைத்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எடின்பரோ வீடு

1847 மார்ச் 3ஆம் தேதி எடின்பரோ நகரில் பிறந்தார் பெல். வீட்டில் கூப்பிடும் பெயர் அலெக். அவருடைய குடும்பமே பேச்சைத் தொழிலாகக் கொண்ட குடும்பம். தாத்தா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அப்பா அலெக்சாண்டர் மெல்வில் பெல்லும் அதே தொழில். எந்த மொழியின் ஒலியானாலும் சரி, அதை உச்சரிக்கும்போது நாக்கு எங்கே இருக்க வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும் என்பதைக் குறிகளாலேயே எழுதிக் காட்டும் ஒரு முறையை அப்பா உருவாக்கினார். 'காணும் பேச்சு' என்று அதற்குப் பொருள்படும்படி பெயர் வைத்து 1867இல் நூலாகவும் வெளியிட்டார். நம் தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொன்னாரே, ஏறக்குறைய அந்த மாதிரி விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுத்தார். வீட்டிலோ, அம்மா எலைசாவுக்குக் காது மந்தம்! பியானோ வாசிப்பார், படம் வரைவார். ஆனால் யாராவது பேசினால் குழலைக் காதில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். மற்றவர்கள் அந்தக் குழலுக்குள் கத்துவார்கள். சின்னப் பையன் அலெக் மட்டும் வேறு வழி கண்டுபிடித்தான். அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கட்டையான மெல்லிய குரலில் பேசுவான். அந்த அதிர்வில் அம்மாவுக்குப் புரிந்துவிடும். பலர் கூடியிருக்கும் இடங்களில், யார் என்ன பேசுகிறார்கள் என்பதை விரல் எழுத்துகளால் அம்மாவுக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருப்பான்.

ஒலி என்பது அதிர்வு என்று நாம் பிளஸ் டூ புத்தகத்தில் படித்தோம். அலெக் அதைத் தன் அம்மாவின் நெற்றியில் படித்தான்.

அண்ணன் மெல்வில், தம்பி எட்வர்ட் என்று உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர். அப்பாவின் தூண்டுதலால் அலெக்கும் அண்ணனும் சேர்ந்து மனிதத் தலை மாதிரி ஒரு பொம்மை செய்தார்கள். தொண்டை, நாக்கு, உதடு எல்லாம் வைத்து, துருத்தியால் காற்று ஊதினால் அது 'மாமா' என்று அம்மாவைக் கூப்பிட்டது. வீட்டு நாயைக்கூட விட்டு வைக்கவில்லை. அது உறுமும்போது வாயை அழுத்திப் பிடித்துப் 'பேச' வைத்தார்கள்!

ஒரே பிள்ளையாக மிஞ்சியபோது

அந்தக் கலகலப்பு நீடிக்கவில்லை. 1867இல் தம்பி எட்வர்ட் காசநோயில் போனான். மூன்றே வருஷத்தில், 1870 மே மாதம், அண்ணன் மெல்வில்லும் அதே நோயில் போய்ச் சேர்ந்தார். காசநோய்க்கு அன்றைக்கு மருந்தே கிடையாது. மூன்று பிள்ளைகளில் எஞ்சியது அலெக் ஒருவன். அவன் உடம்பும் தேறாமல் இளைத்துக்கொண்டே வந்தது. பெற்றவர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்பா மெல்வில் பெல் இளவயதில் உடம்பு சரியில்லாமல் நியூஃபவுண்ட்லாந்து தீவில் சில ஆண்டுகள் இருந்து தேறியவர். அந்தக் குளிர்க் காற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை. "கனடாவுக்குப் போய்விடலாம், வா" என்று மகனிடம் கேட்டார். லண்டனில் அவருக்கு அப்போது நல்ல பேர், நல்ல வருமானம். எல்லாவற்றையும் விட்டுவிடத் தயாரானார். மகனுக்கு வயது 23. லண்டனில் காது கேளாத குழந்தைகளுக்கு அப்பாவின் முறையில் பேச்சுக் கற்றுக்கொடுக்கத் தொடங்கி, அதில் ருசி கண்டிருந்த நேரம். விட்டுப் போக மனமில்லை. ஆனாலும் பெற்றோருக்குத் தான் ஒருவன்தானே மிச்சம் என்று சம்மதித்தார்.

1870 ஆகஸ்ட் 1ஆம் தேதி கியூபெக் துறைமுகத்தில் இறங்கியது அந்தக் குடும்பம். அப்பா, அம்மா, அலெக், கூடவே அண்ணனின் இளம் விதவையும். ஒன்டாரியோ மாநிலத்தில் பிரான்ட்ஃபோர்ட் ஊருக்குப் பக்கத்தில், ஆற்றோரம் பத்தரை ஏக்கர் நிலமும் வீடும் வாங்கினார்கள். மேட்டின் விளிம்பில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பள்ளமான இடம் இருந்தது. போர்வையும் தலையணையும் புத்தகமுமாகப் போய் அங்கே படுத்துக் கிடப்பார் அலெக். கனவு காணும் இடம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். சில மாதங்களில் உடம்பு தேறியது. சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் வாழ்ந்த மோஹாக் பழங்குடி மக்களிடம் போய் அவர்கள் மொழியைக் கற்று, அப்பாவின் குறிகளில் எழுதி வைத்தார். அந்த மக்கள் அவருக்குக் கௌரவத் தலைவர் பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

பாஸ்டன் வாத்தியார்

1871 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லப் போனார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. தனியாகவும் சில மாணவர்கள். அவர்களில் ஒருவன் ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற ஐந்து வயதுப் பையன். பிறவியிலேயே காது கேளாதவன். அவனுக்காகக் கையுறை ஒன்றில் விரல்களிலும் உள்ளங்கையிலும் எழுத்துகளை எழுதி, எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல் கற்றுக்கொடுத்தார். இன்னொரு மாணவி மேபல் ஹப்பர்ட். ஐந்து வயதில் வந்த விஷக் காய்ச்சலில் கேட்கும் சக்தியை அடியோடு இழந்தவர். உதட்டசைவைப் பார்த்தே மற்றவர் பேச்சைப் புரிந்துகொள்வார்.

பிற்பாடு பெல்லின் ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர்கள் யார் தெரியுமா? இந்த ஜார்ஜின் அப்பாவும், இந்த மேபலின் அப்பாவும்தான்.

பகலெல்லாம் பாடம், ராத்திரியெல்லாம் சோதனை. ஒரே கம்பியில் பல தந்திகளை ஒரே நேரத்தில் அனுப்ப முடியுமா என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் துரத்திய பிரச்சினை. பெல்லும் அதைத்தான் துரத்தினார். ஆனால் அவர் மனசு பேச்சின் மேலேயே இருந்தது. 1874 கோடை விடுமுறையில் பிரான்ட்ஃபோர்ட் வீட்டுக்கு வந்தபோது, டாக்டர் நண்பர் ஒருவர் கொடுத்த, இறந்துபோன மனிதரின் காது ஒன்றைக் கையோடு கொண்டு வந்தார்! அதன் சவ்வில் ஒரு சிறு வைக்கோல் துரும்பை இணைத்து, முன்னால் பேசினால், புகை படிந்த கண்ணாடியில் அந்தத் துரும்பு அலை அலையாகக் கோடு போடும். பேச்சைக் கண்ணால் பார்க்கும் வழி இது. காது கேளாத பிள்ளைகளுக்குத் தங்கள் உச்சரிப்பைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்ள உதவும் என்பதுதான் அவர் எண்ணம்.

அப்போதுதான் பொறி தட்டியது. இவ்வளவு மெல்லிய சவ்வு, அதைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறதே! அப்படியானால் கொஞ்சம் பெரிய சவ்வு ஒரு இரும்புத் துண்டை அசைக்காதா? அந்த இரும்பு காந்தத்தின் முன்னால் அசைந்தால், குரல் ஏறி இறங்குகிற மாதிரியே மின்னோட்டமும் ஏறி இறங்காதா? தந்தி என்பது விட்டு விட்டு வரும் மின்னோட்டம். பேச்சுக்கு வேண்டியதோ அறுபடாமல் அலையாக ஓடும் மின்னோட்டம். டெலிபோனின் சூட்சுமம் மொத்தமும் இதில் அடங்கிவிட்டது. அந்தச் சூட்சுமம் காது கேளாத பிள்ளைகளுக்கான கருவியிலிருந்து பிறந்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. பெல்லுக்கு எலெக்ட்ரிகல் பாடம் அரைகுறைதான். 1875இல் வாஷிங்டன் போய் முதுபெரும் விஞ்ஞானி ஜோசப் ஹென்றியைப் பார்த்து, "எனக்கு இதற்கு வேண்டிய மின்சார அறிவு போதாதே" என்று தயங்கினார். "அப்படியென்றால் கற்றுக்கொள்" என்பது ஹென்றியின் பதில். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போயிருந்தால் கைவிட்டிருப்பேன் என்கிற அளவுக்குப் பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்தார் பெல்.

அதே ஆண்டு ஜூன் 2ஆம் தேதி. உதவியாளர் தாமஸ் வாட்சன் பக்கத்து அறையில் ஒட்டிக்கொண்ட ஒரு உலோக நாக்கை விரலால் சுண்டிவிட, அந்த 'டிங்' ஓசை கம்பி வழியே பெல்லின் காதுக்கு வந்தது. இசைக் காது இருந்ததால் அது வெறும் துடிப்பல்ல, முழு ஓசை என்று உடனே பிடித்துக்கொண்டார். 1876 பிப்ரவரி 14இல் மனு, மார்ச் 7இல் 1,74,465 எண்ணுள்ள காப்புரிமை, மார்ச் 10இல் அடுத்த அறையிலிருந்த வாட்சனைக் கம்பி வழியே கூப்பிட்ட அந்த முதல் அழைப்பு. அன்றே அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் வீடு வீடாகப் போகிற மாதிரி ஒருநாள் இந்தக் கம்பியும் போகும், நண்பர்கள் வீட்டை விட்டு வெளியே வராமலே பேசிக்கொள்வார்கள் என்று அதில் எழுதியிருந்தார்.

மனு கொடுத்த அதே பிப்ரவரி 14ஆம் தேதி எலிஷா கிரே என்பவரும் காப்புரிமை அலுவலகத்தில் தன் யோசனையைப் பதிந்தார். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய அன்டோனியோ மெயூச்சி அதற்கும் முன்பே முயன்றவர். 2002இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மெயூச்சியின் பணியைப் பாராட்டித் தீர்மானமே போட்டது. பெல்லின் மேல் வழக்குகள் நூற்றுக்கணக்கில் வந்தன. 1888இல் உச்ச நீதிமன்றம் வரை போய், காப்புரிமை நிலைத்தது. இந்த வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. நம் கதைக்கு வருவோம்.

மேபல்

தன்னைவிடப் பத்து வயது இளையவளான மாணவியிடம் மனசைப் பறிகொடுத்தார் பெல். மேபலுக்கு ஆரம்பத்தில் இந்த ஒல்லி வாத்தியாரைப் பிடிக்கவே இல்லை. வீட்டிலும் தயக்கம். மெல்ல மெல்ல மனம் மாறி, 1875 நவம்பர் 25ஆம் தேதி, தன் பதினெட்டாவது பிறந்தநாளன்று நிச்சயத்துக்குச் சம்மதித்தார்.

மறு வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் மாபெரும் பொருட்காட்சி. பெல்லுக்குப் போக விருப்பமில்லை. "பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது, நான் எப்படி வருவது?" என்பது அவர் கட்சி. சும்மா வெளியே போகலாம் என்று சொல்லி ரயிலடிக்கு அழைத்துப் போனார் மேபல். விஷயம் புரிந்து பெல் மறுக்கத் தொடங்கியதும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாராம். உதட்டைப் பார்த்தால்தானே அவர் பேச்சு இவருக்குக் 'கேட்கும்'! வேறு வழியில்லாமல் ரயிலேறினார் பெல். 1876 ஜூன் 25ஆம் தேதி பொருட்காட்சியில், பிரேசில் நாட்டுச் சக்கரவர்த்தி தோம் பெத்ரோ அவரை அடையாளம் கண்டு நின்றார். எப்படி? பாஸ்டன் காது கேளாதோர் பள்ளியில் பார்த்த வாத்தியார் என்று! சக்கரவர்த்தி நின்றதால் நடுவர்களும் நின்றார்கள். டெலிபோன் உலகப் புகழ் பெற்றது.

1877 ஜூலை 9இல் பெல் டெலிபோன் கம்பெனி தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 11இல் கல்யாணம். கம்பெனியில் தனக்கு வந்த 1,497 பங்குகளில் வெறும் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி 1,487 பங்குகளையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பங்குகள் பின்னாளில் என்ன விலைக்குப் போயின என்பதை நினைத்தால் நமக்கே நெஞ்சு அடைக்கிறது! கம்பெனியின் நிர்வாகத்திலும் அவர் அதிகம் தலையிடவில்லை. மாமனாரிடம் விட்டுவிட்டார். தன் படிப்பறையில் டெலிபோன் இருப்பதைக்கூட அவர் விரும்பவில்லை.

இதில் நெஞ்சைத் தொடுகிற விஷயம் ஒன்று உண்டு. உலகமே பேசிக்கொள்ளும் கருவியைச் செய்த மனிதருடைய மனைவியால் அதில் ஒருபோதும் அவர் குரலைக் கேட்க முடியவில்லை. அம்மாவாலும் முடியவில்லை.

பிறந்த பிள்ளைகளும் போன பிள்ளைகளும்

1878இல் லண்டனில் மூத்த மகள் எல்சி பிறந்தாள். 1880 பிப்ரவரியில் வாஷிங்டனில் இரண்டாவது மகள் மரியன். அவள் பிறந்த அதே வாரம்தான் பெல்லும் அவருடைய உதவியாளர் டெய்ன்டரும் சூரிய ஒளியின் மேல் குரலை ஏற்றி அனுப்பும் 'ஃபோட்டோஃபோன்' கருவியைப் பேச வைத்தார்கள். பேசும்போது மெல்லிய கண்ணாடி அதிரும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி ஏறி இறங்கும். எதிர்முனையில் செலீனியம் அதைத் திரும்ப ஓசையாக்கும். அதே ஆண்டு ஜூனில் 213 மீட்டர் தூரத்துக்குப் பேச்சு போய்ச் சேர்ந்தது. பெல்லுக்கு இதன் மேல்தான் டெலிபோனைவிடப் பெருமை. பிறந்த குழந்தைக்கே 'ஃபோட்டோஃபோன்' என்று பேர் வைக்கலாம் என்றார் மனிதர்! நல்லவேளையாக மேபல் தடுத்துவிட்டார். கேலியாகத் தோன்றினாலும், இன்றைக்கு ஃபைபர் கேபிளில் நாம் செய்வதும் ஒளியின் மேல் செய்தியை ஏற்றி அனுப்புவதுதானே?

1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் தங்கிய குண்டு எங்கே என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் பதினான்கு வருஷம் இருக்கிறது. பெல் ராப்பகலாக உழைத்து உலோகத்தைக் கண்டால் ஓசை எழுப்பும் கருவி ஒன்றைச் செய்தார். ஆனால் டாக்டர், குண்டு வலது பக்கம்தான் என்று பிடிவாதமாக அந்தப் பக்கத்தையே தேடச் சொன்னார். கட்டிலின் கம்பிச் சுருள்களும் குழப்பின. குண்டு கிடந்ததோ இடது பக்கம். செப்டம்பர் 19இல் ஜனாதிபதி இறந்தார்.

இந்த அலைச்சலுக்கு நடுவே, ஆகஸ்ட் 15ஆம் தேதி, மேபலுக்கு மாசம் முழுமையாகாமல் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சு விடத் திணறியது. சில மணி நேரம்தான் இருந்தது. இறந்துபோன தம்பியின் பெயரான எட்வர்ட் என்ற பெயரை அதற்கு வைத்தார்கள்.

பெல் என்ன செய்தார் தெரியுமா? ஆராய்ச்சிக் கூடத்துக்குத் திரும்பி, நெஞ்சைச் சுற்றி மாட்டும் உலோகக் கூடு ஒன்றைச் செய்தார். அதிலிருந்து காற்றை உறிஞ்சினால் நெஞ்சு விரியும், நுரையீரலுக்குள் காற்று போகும். விட்டால் சுருங்கும். மூச்சுத் திணறும் இன்னொரு குழந்தையாவது பிழைக்கட்டும் என்ற எண்ணம். 1928இல் அமெரிக்காவில் டிரிங்கரும் ஷாவும் கொண்டுவந்து, இளம்பிள்ளைவாத நோயாளிகள் ஆயிரக்கணக்கில் பிழைக்கக் காரணமான 'இரும்பு நுரையீரல்' இயங்கியது இதே தத்துவத்தில்தான்.

ஆனால் விதி அவரை விடவில்லை. 1883 நவம்பரில் பிறந்த ராபர்ட் என்ற இரண்டாவது மகனும் அன்றைக்கே இறந்துபோனான்.

பெடெக் மலை வீடு

டெலிபோன் பணக்காரர் ஆனபிறகும் மனசு ஸ்காட்லாந்தையே தேடியது. 1882இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். பெற்றோரும் வாஷிங்டனுக்கே குடிவந்து பக்கத்தில் இருந்தார்கள். 1885இல் கனடாவின் கிழக்குக் கோடியில் கேப் பிரெட்டன் தீவில் பெடெக் என்ற சின்ன ஊருக்குப் போனவர், மலையும் ஏரியும் பனிமூட்டமும் ஸ்காட்லாந்து மாதிரியே இருக்கக் கண்டு சொக்கிப்போனார். அந்தப் பக்கத்தில் குடியேறியிருந்தவர்களும் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். கேலிக் மொழி பேசுகிறவர்கள். அங்கே மலைமுனை ஒன்றில் நிலம் வாங்கி, கேலிக் மொழியிலேயே 'பென் வ்ரியா' என்று பேர் வைத்தார். அழகிய மலை என்று அர்த்தம். வருஷத்தில் பல மாதங்கள் குடும்பத்தோடு அங்கேதான்.

ஆடு வளர்த்தார், பட்டம் விட்டார், பேரப்பிள்ளைகளோடு ஆட்டம் போட்டார். அந்தப் பட்டங்களும் சாதாரணப் பட்டங்கள் அல்ல. முக்கோணக் கூடுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கட்டி, ஆளையே தூக்கும் பட்டங்கள். 1907இல், இளம் பொறியாளர்களைச் சேர்த்து விமானம் செய்யும் சங்கம் ஒன்றைத் தொடங்கலாம் என்று யோசனை சொன்னவர் மேபல். 20,000 டாலர் பணம் போட்டவரும் அவரே. சொந்தச் சொத்தை விற்றுக் கொடுத்தார். அந்தச் சங்கத்தின் 'சில்வர் டார்ட்' விமானம் 1909 பிப்ரவரி 23ஆம் தேதி பெடெக்கில் உறைந்த ஏரியின் மேலிருந்து எழும்பியது. கனடா மண்ணில் நடந்த முதல் விமானப் பறப்பு அது. பெல் அதோடு நிற்கவில்லை. 1919இல், அவருக்கு 72 வயது, அவர் குழு செய்த எச்.டி.-4 என்ற படகு தண்ணீருக்கு மேல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது.

ஒரு பெரிய தவறு

இதுவரை பாராட்டியே எழுதிவிட்டேன். இனி எழுதப் போவதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் பட்டது.

காது கேளாத பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசப் பழக வேண்டும், சைகை மொழியை விட்டுவிட வேண்டும் என்பது பெல்லின் உறுதியான கொள்கை. காது கேளாத ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதையும் அவர் ஆதரிக்கவில்லை. 1883இல் தேசிய அறிவியல் கழகத்தில் ஓர் ஆய்வுரை படித்தார். காது கேளாதோர் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டால் காது கேளாத ஒரு தனி மனித வகையே உருவாகிவிடும் என்பது அதன் சாரம். சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட திருமணங்கள் குறைய வேண்டும், அவர்களுக்கென்று தனி விடுதிப் பள்ளிகள் கூடாது என்றார். 1880இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடும் வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டிருந்தது. விளைவு? பல நாடுகளில் பள்ளிகளிலிருந்து சைகை மொழி விரட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தங்களுக்கு இயல்பாக வந்த மொழியைத் தொலைத்தார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு அமைப்புதான் அந்த 1880 தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது வருஷம் கழித்து!

இவ்வளவு பாசக்கார மனிதர் எப்படி இப்படித் தவறினார்? அவர் காலத்திலேயே எட்வர்ட் மைனர் கேலடெட் என்பவர் அவரை எதிர்த்து வாதாடினார். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரியை நடத்தியவர். அவருடைய அம்மாவும் காது கேளாதவர்தான்! இரண்டு பேரும் காது கேளாத தாயின் பிள்ளைகள். ஆனால் கேலடெட்டின் தாய் பிறவியிலேயே கேளாதவர், சைகையே அவருடைய மொழி. பெல்லின் தாயோ, மனைவியோ பேசப் பழகிய பிறகு கேட்கும் திறனை இழந்தவர்கள். வாய்ப்பேச்சு அவர்களுக்கு முன்பே கைவந்திருந்தது. தன் வீட்டில் பலித்தது ஊருக்கெல்லாம் பலிக்கும் என்று நம்பிவிட்டார் பெல். நம் பாஷையில் சொன்னால், இரண்டே இரண்டு சாம்பிளை எடுத்து அதற்கு ஒரு நேர்கோடு வரைந்துவிட்டார். லேப் ரெக்கார்டில் நாம் அப்படிச் செய்திருந்தால் வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்.

அவர் காது கேளாதவர்களை நேசித்தது நிஜம். 1886இல் ஆறு வயது ஹெலன் கெல்லரை அழைத்துக்கொண்டு அவள் அப்பா வந்தபோது, மடியில் உட்காரவைத்துப் பேசி, சரியான பள்ளிக்கு வழிகாட்டியவர் அவர். அதன் பலனாகத்தான் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை ஹெலனின் வாழ்க்கைக்குள் வந்தார். ஹெலன் தன் சுயசரிதையைப் பெல்லுக்கே காணிக்கை ஆக்கினார். ஆனால் பிரியம் வேறு, கேட்பது வேறு. 'எங்களுக்குச் சைகை மொழி வேண்டும்' என்று காது கேளாதவர்கள் சொன்னதை, ஒலியின் சூட்சுமமெல்லாம் தெரிந்த அந்தக் காது வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசி விடை

1922 ஆகஸ்ட் 2ஆம் தேதி விடியற்காலையில், தன் மலை வீட்டில், 75ஆவது வயதில் பெல் காலமானார். பக்கத்தில் மேபல். "என்னை விட்டுப் போகாதீர்கள்" என்று மேபல் மெதுவாகச் சொன்னபோது, பேசமுடியாத நிலையிலிருந்த பெல், 'இல்லை' என்று சைகையால் பதில் சொன்னாராம். ஆயுள் முழுக்க வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று வாதாடியவரின் கடைசிச் சொல் கையால் சொல்லப்பட்டது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அவருடைய கூடத்து ஊழியர்களே பைன் மரத்தில் சவப்பெட்டி செய்தார்கள். பட்டங்களுக்குப் பயன்பட்ட சிவப்புப் பட்டுத் துணியை உள்ளே விரித்தார்கள். யாரும் கறுப்பு உடுத்தி வரவேண்டாம் என்று மேபல் கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 4ஆம் தேதி மலையுச்சியில் அடக்கம் நடந்தபோது, வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனமாயின. ஐந்தே மாதத்தில், 1923 ஜனவரியில், மேபலும் போய்ச் சேர்ந்தார். இருவரும் அந்த மலையிலேயே உறங்குகிறார்கள்.

தம்பிகளே, தங்கைகளே! நீங்களும் நாளை ஏதாவது ஊருக்குப் போய், ஏதாவது ஒன்றைச் செய்யத்தான் போகிறீர்கள். பெல்லிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவருடைய கஷ்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். அம்மாவின் நெற்றியிலிருந்து அவர் ஆரம்பித்த மாதிரி. ஆனால் யாருக்காகச் செய்கிறீர்களோ, அவர்களிடம் போய் 'இது உங்களுக்கு வேண்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த இரண்டாவதை அவர் விட்டுவிட்டார். அவருக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம்.

அப்புறம் ஒன்று. இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அம்மா பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். தன் அம்மாவோடு அப்படிப் பேசும் பாக்கியம் பெல்லுக்குக் கிடைக்கவில்லை.